ஒருபக்கச் சாணை

காசிமேடு
18 ஜூன் 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

ஜானட் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடை தமன்னா எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் மீன் வண்டி ஓட்டுகிற தாவூது சொல்லியிருப்பான்.

போனில் கூப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் நான் பேச்சை முடிக்கும் முன்னால் நீங்கள் குறுக்கே வருவீர்கள், நான் பட்டென்று வைத்துவிடுவேன். காகிதத்தில் குறுக்கே வர முடியாது. அந்த நிம்மதிக்காகத்தான் இது. என் கை எந்நேரமும் மீனும் ஐசுமாக இருப்பதால் எழுதுகிற வேலையைத் தமன்னாவிடம் விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிட்டன. விடிவதற்குள் வஞ்சிரமும் சங்கராவும் வந்து குவிகிறது. வெட்டித் தரச் சொல்லி வரிசை நிற்கிறது. எனக்கு முட்டி வலி. அருவாமனைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார முடியவில்லை. மேசை போட்டு, மரக்கட்டை வைத்து, நின்றபடியே கத்தியால் வெட்டுகிறேன். கடைத்தெருவில் வாங்கிய கத்தி ஒரு கூடைக்குக்கூடத் தாங்குவதில்லை.

நீங்கள் பெங்களூரு ஓட்டல்காரர்களுக்கெல்லாம் கையாலேயே கத்தி செய்து அனுப்புகிறீர்களாம். ஷிஜி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது போனில் படம் காட்டினாள். நன்றாகத்தான் பளபளக்கிறது. அன்றைக்குக் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே சாணை மோட்டார் வைத்தீர்கள். சோற்றில் இரும்புத் தூசி, ஷிஜிக்கு இழுப்பு, பக்கத்து வீட்டோடு தினம் தகராறு. "இந்த வூட்ல ஒண்ணு அந்த மோட்டாரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொன்னேன். மறுநாளே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காலடிப்பேட்டையில் ஷெட் பிடித்துப் போய்விட்டீர்கள். நான் மோட்டாரைத்தான் போகச் சொன்னேன். சரி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

எனக்கு ஒரு கத்தி வேண்டும். மீன் வெட்டுகிற கத்தி. அவ்வளவுதான். தாவூது தினமும் எர்ணாவூருக்கு மீன் ஏற்றிக்கொண்டு உங்கள் ஷெட் வழியாகத்தான் போகிறான். அவனிடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஜானட்


காலடிப்பேட்டை
22 ஜூன் 2024

அன்புள்ள ஜானட்,

உன் கடிதம் கிடைத்தது. காகிதம் முழுக்க மீன் செதில். பரவாயில்லை.

"மீன் வெட்டுகிற கத்தி, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் போய் "உடம்புக்கு ஒரு மருந்து, அவ்வளவுதான்" என்று கேட்பாயா? கத்தி என்றால் முதுகு கனம், வெட்டுகிற வாய் மெலிசு. அந்தக் கனத்தை முதுகிலிருந்து வாய்வரைக்கும் எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. நேராகச் சரித்து இறக்கலாம். உள்ளே குழித்து இறக்கலாம், ரொம்பக் கூர்மையாக வரும். வெளியே புடைக்கவிட்டு இறக்கலாம், முரட்டு வேலை தாங்கும். ஒரு பக்கம் மட்டும் சரித்து, மறுபக்கத்தைச் சுவர் மாதிரி விட்டுவிடலாம். எந்தச் சாணை என்று முடிவு பண்ணாமல் இரும்பில் கை வைக்க முடியாது.

அதனால் கேட்கிறேன். எந்த மீன் அதிகம் வருகிறது? முள்ளோடு வெட்டுகிறாயா, முள்ளைத் தொடாமல் சதையை மட்டும் எடுக்கிறாயா? கட்டை புளியா வேம்பா? மேசை உன் இடுப்புக்கு மேலா கீழா? உன் கையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

விவரமாகப் பதில் எழுது. குழித்துச் சாணை வைத்த கத்தி ஒன்று தயாராக இருந்தது, அதை இத்துடன் தாவூதிடம் கொடுத்திருக்கிறேன்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
நோயல்


காசிமேடு
6 ஜூலை 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

இத்தனை கேள்வி கேட்டீர்கள். பதில் வருவதற்கு முன்னாலேயே கத்தியையும் அனுப்பிவிட்டீர்கள். பிறகு கேள்வி எதற்கு? தமன்னா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

முதல் நாள் கத்தி நன்றாகத்தான் இருந்தது. கொடுவாத் தோல் துணி மாதிரி உரிந்து வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறுநாள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் பெரிய வஞ்சிரம் வந்தது. நடுமுள்ளில் ஒரு போடு போட்டேன். வாயில் ஒரு நகக்கண் அளவுக்கு உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த துண்டு எங்கே? விருந்துக்குக் குழந்தைகளெல்லாம் வரும். மீன் கொண்டுவந்த அம்மா பார்த்துக்கொண்டே நிற்க, நானும் தமன்னாவும் ஒவ்வொரு துண்டாகக் கழுவித் தடவித் தேடினோம். கடைசியில் முள்ளிலேயே குத்திக்கொண்டு இருந்தது. கண்டுபிடிக்கிறவரை எனக்கு உயிர் இல்லை.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். முள்ளோடுதான் வெட்டுகிறேன். காசிமேட்டில் முள்ளை விட்டு மீன் வெட்டினால் மீதியை யார் தலையில் கட்டுவது? கட்டை புளி. மேசை தமன்னாவுடையது, உயரத்தை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கத்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜானட்


காலடிப்பேட்டை
15 ஜூலை 2024

அன்புள்ள ஜானட்,

குழித்த வாயை நடுமுள்ளில் போட்டால் உதிராமல் என்ன செய்யும்? அது சதைக்கான கத்தி. கத்தியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை ஒருமுறை வெயிலில் பிடித்துப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

ஆனாலும் அந்தத் துண்டைத் தேடியதைப் படித்ததும் கத்தியை யாருக்கும் விற்பதில்லை என்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். கிடைத்ததே, கடவுளுக்குத் தோத்திரம்.

முள்தான் பிரச்சினை என்றால் விடை சுலபம். இத்துடன் புடைத்த சாணைக் கத்தி வருகிறது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த இரும்பு. ஆட்டுத் தொடையெலும்பில் போட்டுப் பார்த்தேன், வாய் அசையவில்லை. இதற்கு மேல் நீ குறை கண்டுபிடித்தால் அது உன் திறமை.

நோயல்


காசிமேடு
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பியது கத்தி இல்லை, கோடாலி. முள் உடைகிறது, சரி. ஆனால் சதையை அது வெட்டுவதில்லை, பிளக்கிறது. சங்கராவில் வைத்து அழுத்தினால் வயிறு பிதுங்கி என் மேலேயே தெறிக்கிறது. வவ்வால் மீனைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர், "இன்னாக்கா, மீன் மேல வண்டி ஏறிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் தோளிலிருந்து இடுப்புவரை வலி. ஐஸ் உடைக்கிறவன் இரவல் கேட்டான், கொடுத்தேன். அவனுக்குத்தான் அது பிடித்திருக்கிறது.

மோர்க்குழம்புக்கு உப்புப் பார்ப்பது மாதிரி ஒன்று மாற்றி ஒன்று அனுப்புகிறீர்களே, ஒருநாளாவது நான் என்ன செய்கிறேன் என்று யோசித்தீர்களா? ஷிஜி கேட்கிறாள், "அப்பாகிட்ட நேரா பேசேன்மா" என்று. பேசிக்கொண்டுதானே இருக்கிறேன். இதற்கு மேல் எப்படிப் பேசுவது?

ராயபுரம் கோயில் திருவிழாவுக்கு வந்தீர்களாம். தேர் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனீர்களாம். வீடு எங்கும் இடம் மாறவில்லை.

ஜானட்


காலடிப்பேட்டை
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜானட்,

கோடாலி என்று எழுதியதைப் படித்ததும் இரண்டு நாள் ஷெட்டைத் திறக்கவில்லை. பெங்களூரில் ஒரு ஓட்டலில் என் கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி ஐஸ்காரனிடம் கொடுத்துவிட்டாள்.

பிறகு யோசித்தேன். நீ செய்வது துண்டு போடுகிற வேலை. அழுத்த வேண்டும், ஆனால் பிளக்கக் கூடாது. அதற்கு ஒருபக்கச் சாணைதான் சரி. வலப்பக்கம் மட்டும் சரிவு. இடப்பக்கம் தட்டை. சரிந்த பக்கம் துண்டை வெளியே தள்ளிவிடும், தட்டைப் பக்கம் மீனை ஒட்டியே இறங்கும். முதுகு கனமாக விட்டிருக்கிறேன், முள்ளுக்கும் தாங்கும். இந்த ஒரு கத்திக்காக வந்த மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்தேன். வலது கைக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் செய்ய முடியாது என்று தைரியமாகச் சொல்வேன்.

தேர் அன்று உன் கடை வரைக்கும் வந்தேன். நீ உள்ளே யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பற்றியோ என்று பயந்து திரும்பிவிட்டேன்.

நோயல்


காசிமேடு
4 செப்டம்பர் 2024

ஷிஜி அப்பாவுக்கு,

மெஸ் நடத்துகிற செங்குட்டுவன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். தினமும் பெரிய வஞ்சிரமாக வாங்கி என்னிடம்தான் துண்டு போடக் கொடுப்பார். போன வாரம் துண்டுகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இன்னா ஜானட்டு, மேல தடியா கீது, கீழ தாளு மாதிரி கீது. ஒரு பக்கம் தீயுது, ஒரு பக்கம் வேவல" என்றார். இப்போது அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

உங்கள் கத்தி நான் சொல்கிற இடத்தில் இறங்குவதில்லை. நேராக வைத்தால் ஒருபக்கமாக இழுக்கிறது. மணிக்கட்டைத் திருகிப் பிடித்து இழுத்தால் எனக்குக் கை விட்டுப் போகிறது. யார் பேச்சையும் கேட்காத கத்தி. யார் செய்தது என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு இனிமேல் கத்தி வேண்டாம். கேட்டது என் புத்தி. இதோடு மூன்றும் திரும்பியாயிற்று, ஐஸ்காரனிடமிருந்து கோடாலியையும் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஜானட்


காலடிப்பேட்டை
9 செப்டம்பர் 2024

ஜானட்,

கத்தியில் கோணல் இல்லை, உன் பிடியில்தான் கோணல் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் வாயை ஒருமுறை பார்க்கலாம் என்று கத்தியைச் சன்னல் பக்கம் கொண்டு போனேன். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இது துருப்பிடிக்காத இரும்பு இல்லை. உப்பும் ரத்தமும் பட்டால் கறுக்கும். விரல் ஊன்றுகிற இடத்தில் கறுப்பு வேறு மாதிரிப் படியும். வலது கையால் பிடிக்கிறவர்களுக்குக் கட்டைவிரல் இடப்பக்கத்தில் ஊன்றும். உன் கட்டைவிரல் வலப்பக்கத்தில் படிந்திருக்கிறது. கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் குழித்த கத்தியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே.

காலையில் தாவூதை நிறுத்திக் கேட்டேன். "அக்கா லெஃப்ட்டு கையிலதான் வெட்டிகினு கீது. தடைக்காலத்துக்கு முன்னாடியே. உனக்குத் தெரியாதா நைனா?" என்றான். தெரியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? ஐஸ் உடைக்கிறவனுக்குத் தெரியும், செங்குட்டுவனுக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிற தமன்னாவுக்குத் தெரியும். கத்தி செய்கிறவனுக்குத் தெரியாது. இடது கைக்காரிக்கு வலது கைக் கத்தியைக் கொடுத்தால் அது இழுக்காமல் என்ன செய்யும்?

முட்டி வலி என்றாயே. நீ ஏலத்துக்கு ஓடுகிற ஓட்டத்தைத் தாவூது சொன்னான். உன் முட்டிக்கு ஒன்றும் இல்லை. வலது கைக்கு என்ன, ஜானட்? ஏன் தமன்னா எழுதுகிறாள்? நான் இங்கே மாதக்கணக்காகச் சாணையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு?

எழுத வேண்டாம். நாளைக்கு நானே வருகிறேன்.

நோயல்


காசிமேடு
10 செப்டம்பர் 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

வர வேண்டாம் என்று தாவூதிடம் சொல்லி அனுப்பினேன். வராமல் இருந்ததற்கு நன்றி.

வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகின்றன. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலத்தில் ஆரம்பித்தது. அருவாமனையில் மீனை அழுத்தும்போது நடுவில் விரல் இருக்கிறதா மீன் இருக்கிறதா என்று தெரிவதில்லை. ஒருநாள் தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் வெட்டுப்பட்டது தெரிந்தது. அன்றைக்கே அருவாமனையை ஓரங்கட்டிவிட்டேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். முழுக்கச் சரியாகுமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பீர்கள். "பொண்டாட்டிக்குக் கை போச்சு, அதான் நோயலு வந்துட்டான்" என்று கல்மண்டபம்வரைக்கும் பேசுவார்கள். பேசட்டும், அது போகட்டும். எனக்கு என்ன தோன்றும்? இரண்டு கையும் நன்றாக இருந்தபோது வராத மனுஷன், ஒரு கை போனதும் வந்தால், அந்த வருகையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் கூப்பிட்டு நீங்கள் வருவது வேறு. பாவம் என்று வருவது வேறு.

கத்தி கேட்டதே கூப்பிட்டதுதானே அக்கா என்று தமன்னா கேட்கிறாள். எழுதுகிற வேலையை மட்டும் பார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அழுதுகொண்டே எழுதுகிறாள். அதை எழுதாதே என்றேன், அதையும் எழுதிவிட்டாள்.

நீங்கள் மீனைக் கேட்டீர்கள், முள்ளைக் கேட்டீர்கள், மரக்கட்டை என்ன ஜாதி என்று கேட்டீர்கள். என் கையை மட்டும் தெரியும் என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நான் என்ன செய்ய?

ஜானட்


காலடிப்பேட்டை
24 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜானட்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரும்பு அடித்து வைத்திருக்கிறேன். இனிச் சாணைதான். இரண்டு வழி இருக்கிறது. ஒருபக்கச் சாணையையே இடது கைக்கு மாற்றி வைக்கலாம், சரிவு இடப்பக்கம் வரும். கத்தி உன் கைக்குள்ளேயே பிறந்த மாதிரி இருக்கும். ஆனால் நாளைக்கு உன் வலது கை சரியானால் அது உனக்கு உதவாது. இன்னொன்று, இரண்டு பக்கமும் சமமாக நேராகச் சரிப்பது. எந்தக் கையிலும் இழுக்காது. ஆனால் இடது கைக்கென்றே செய்த கத்தியின் சுகம் அதில் வராது.

என் மனசு இரண்டாவதைத்தான் சொல்கிறது. இடது கைக்கென்று செய்தால் உன் வலது கையை நானே கைவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த முறை நான் முடிவு பண்ணப் போவதில்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி, உன் பதில் வராமல் இரும்பைச் சாணையில் வைக்க மாட்டேன்.

நோயல்


காசிமேடு
28 செப்டம்பர் 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

கேட்டீர்கள், பதிலுக்கும் காத்திருக்கிறீர்கள். காய்ச்சல் ஏதும் இல்லையே?

இடது கைக்கே செய்யுங்கள். நான் நாளைக் காலையில் மீன் வெட்ட வேண்டும். வலது கை எப்போது வரும் என்று நான் கவலைப்பட்டுக்கொள்கிறேன், கத்தி கவலைப்பட வேண்டாம். வந்தால் அதற்கு வேறொரு கத்தி செய்ய உங்களுக்கு வலிக்கிறதா? எந்தக் கையாலும் ஆகும், எதற்கும் முழுசாக ஆகாது என்கிற கத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இருக்கிற கைக்கு ஒரு நல்ல கத்தி வேண்டும்.

ஆபரேஷனுக்கு அக்டோபர் இருபத்தொன்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஷிஜி லீவு போட்டு வருகிறாள். நீங்கள் வர வேண்டாம்.

ஜானட்


காசிமேடு
6 நவம்பர் 2024

அன்புள்ள ஷிஜி அப்பாவுக்கு,

இதைத் தமன்னா எழுதவில்லை. நானே இடது கையால் எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் இரண்டு தடவை படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய இடது கைக் கத்தி நேராக இறங்குகிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள்வரை அதில்தான் வெட்டினேன். நான் நினைத்த இடத்தில் நிற்கிறது, முள்ளில் சத்தம்கூட இல்லை. செங்குட்டுவன் அண்ணன் அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடினேன்.

தையல் பிரித்தாயிற்று. கட்டைவிரலில் சூடு தெரிகிறது. நேற்று டம்ளர் சுட்டது, சந்தோஷமாக இருந்தது. மற்ற விரல்களுக்கு நாளாகும் என்கிறார்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஆபரேஷன் அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களாம். ஷிஜி சாயங்காலம் பன் வாங்க வந்தபோது பார்த்தாளாம். உள்ளே வாப்பா என்று கூப்பிட்டாளாம். "அம்மா வர வேணாம்னு எழுதிகீது" என்று சொல்லி, நான் கண் விழித்துவிட்டேனா என்று மட்டும் கேட்டுவிட்டு, தாவூது வண்டியில் ஏறிப் போனீர்களாம். மழையில் சட்டை முழுக்க நனைந்திருந்ததாம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சை எதில் கேட்டிருக்கிறீர்கள்? வேலையை விடாதீர்கள் என்றேன், விட்டீர்கள். வீட்டுக்குள் மோட்டார் வேண்டாம் என்றேன், வைத்தீர்கள். இத்தனையிலும் கேட்காத மனுஷன், இந்த ஒரு பேச்சை மட்டும் ஏன் கேட்டீர்கள்? நான் உள்ளே கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸ் வந்தால்கூட நீங்கள்தானோ என்று தலையைத் தூக்கினேன். நீ அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாய். உன்னை என்ன செய்தால் தகும்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். கை போனது என்று இல்லை, கை வந்துகொண்டிருக்கிறது. நான்தான் கூப்பிடுகிறேன். மதியம் சாப்பிடத்தான், அதற்கு மேல் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். ஷிஜி அன்றுவரை இருப்பாள்.

வரும்போது ஒரு கொடுவா வாங்கி வாருங்கள். கண்ணைப் பார்த்து வாங்குங்கள். வலது கையால் கத்தியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடது கைக்கும் அன்று லீவு என்று நான் சொல்லிவிட்டேன். அதனால் மீனை நீங்கள்தான் வெட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு நெத்திலியைக்கூடக் கிள்ளி நான் பார்த்ததில்லை. எந்தக் கத்தி, எந்தச் சாணை, அதெல்லாம் உங்கள் பாடு. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

ஜானட்